நாற்பதைத் தாண்டிய புதுத் தாதி: முதல் வருடத்தில் உண்மையில் நடப்பது என்ன?

வார்டில் சேர்ந்து மூன்றாவது வாரம். மதியம் இரண்டு மணி, காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் கவுண்டரில் ஒன்றாக நிற்கும் நேரம். நோயாளி ஒருவரின் மகன் படபடப்போடு வந்தார். அங்கே நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரும் இருபதுகளில் இருந்தார்கள். மூவரும் என்னைவிட வேலை தெரிந்தவர்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, "சிஸ்டர், அம்மாவுக்கு ரத்தம் உறையாம இருக்குற மருந்த ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார்.

காரணம் என் காதோரத்து நரை. எனக்கு அப்போது 43 வயது. பதினைந்து வருடம் சரக்குக் கப்பல் நிறுவனமொன்றில் ஆவணங்கள் பார்த்துவிட்டு, படித்து முடித்துத் தாதியாகப் பதிவு செய்து இருபது நாள்கூட முழுதாக ஆகவில்லை. அவர் கேட்டதற்கு ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது. அது சரியான பதிலாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும், "நான் இங்க புதுசுங்க. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

நடு வயதில் தாதிமைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் உடம்பு தாங்குமா, படிப்பு ஏறுமா, சம்பளம் போதுமா என்பதுதான். மூன்றும் நியாயமான கேள்விகள், மூன்றையும் பற்றி எழுதுகிறேன். ஆனால் இந்தத் தொழிலுக்குத் தாமதமாக வருபவருக்கு மட்டுமே உள்ள ஆபத்து வேறு. அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவருடைய முகமே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. 22 வயதுப் பெண் தடுமாறினால் புதுசு என்று யாரும் ஊகித்துவிடுவார்கள். நாம் தடுமாறினால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அசந்தால், தடுமாறுகிறோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும்.

ஏன் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது

சிங்கப்பூரில் 2030-க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். மூப்படைகிற நாட்டுக்குக் கட்டில்கள் கூடுதலாக வேண்டும். கட்டிலைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுவிடலாம், அதன் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே. செங்காங் பொது மருத்துவமனை 2018-ல் வந்தது. அதன் பிறகு உட்லண்ட்ஸில் ஒரு பெரிய வளாகம் எழுந்தது. ஒவ்வொரு புது மருத்துவமனையும் பழைய மருத்துவமனைகளிலிருந்து கை தேர்ந்த தாதியரைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது.

கோவிட் காலம் அந்தப் பற்றாக்குறையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. 2021-ல் பொது மருத்துவமனைகளில் வேலையை விட்டுப் போன வெளிநாட்டுத் தாதியரின் விகிதம் ஏறக்குறைய 15 விழுக்காடு. உள்ளூர்த் தாதியரில் அதில் பாதி. பணக்கார நாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாதியரைத் தேடிய காலம் அது. 2023-ல் மட்டும் 4,000 புதுத் தாதியரைச் சேர்க்கப்போவதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. பள்ளி முடித்து வருகிற பிள்ளைகளை மட்டும் நம்பி இந்த எண்ணிக்கையை எட்ட முடியாது, ஏனென்றால் இங்கே பிறப்பு விகிதமும் குறைந்துகொண்டேதான் போகிறது. அதனால்தான் வேறு தொழிலில் இருந்தவர்களைத் தாதிமைக்குக் கொண்டுவரும் மாற்றுத் திட்டங்களை அரசாங்கம் இருபது வருடங்களாகப் பெயரை மாற்றி மாற்றி நடத்தி வருகிறது. அவர்களுக்கு நாம் தேவை. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் யாரிடமும் சலுகை கேட்டுப் போகவில்லை.

நம் வீடுகளில் இந்தத் தொழிலைப் பற்றி இன்னும் ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. நான் படிக்கப்போகிறேன் என்றதும் உறவில் ஒரு பெரியம்மா, "பீ மூத்திரம் அள்ளவா இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்த?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார். மூன்று வருடம் கழித்து இடுப்பெலும்பு முறிந்து அவரே படுத்தபோது அந்தக் கேள்வி என்ன ஆனது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிங்கப்பூர் தாதியர் தினத்தை ஆகஸ்ட் 1-ஆம் தேதி கொண்டாடுகிறது. 1885-ல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் செப்பாய் லைன்ஸில் இருந்த பொது மருத்துவமனையில் தாதிமைப் பொறுப்பை ஏற்றதன் நினைவாக வந்த தேதி அது. செப்பாய் என்றால் நம்முடைய சிப்பாய்தான்; இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடத்துக்கு வந்த பெயர். அந்தக் கன்னியாஸ்திரீகள் கல்லூரியில் தாதிமை படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. வேறு வேலை செய்துகொண்டிருந்துவிட்டு இங்கே வந்து கற்றுக்கொண்டார்கள். இந்த ஊரில் தாதிமையைத் தொடங்கி வைத்தவர்களே தாமதமாகத் தொழில் மாறியவர்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தெம்பு உண்டு.

வழிகள், பணம்

பதிவு இரண்டு வகை. பட்டயமோ பட்டமோ முடித்தவர் பதிவுபெற்ற தாதி, வார்டில் ஆர்என் என்பார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் வழியாக வருபவர் என்ரோல்ட் நர்ஸ், ஈஎன். இரண்டையும் சிங்கப்பூர் தாதிமை வாரியம்தான் பதிவு செய்கிறது. நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் வழக்கமான தாதிமைப் பட்டயம் மூன்று வருடம். தொழில் மாறி வருபவர்களுக்கு அதையே இரண்டு வருடத்துக்குச் சுருக்கிய வகுப்புகள் உண்டு. ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடப் பட்டப் பாதையும் இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இந்தத் திட்டங்களில் சேரலாம். படிக்கும்போதே ஒரு மருத்துவமனை உங்களை எடுத்துக்கொள்ளும். கட்டணத்தை அது கட்டும், மாதப் படியும் தரும். பதிலுக்குச் சில வருடங்கள் அங்கே வேலை செய்வதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தாதிமை படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி தொடங்க நினைக்கிற சகோதரிகளின் பாதை வேறு. அவர்கள் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. வேலை தர முன்வரும் நிறுவனத்தின் வழியாக வாரியத்துக்கு விண்ணப்பித்து, உரிமத் தேர்வு எழுத வேண்டும். நடுவில் விட்டுப்போன வருடங்கள் நீள நீள இது கடினமாகும். ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

பணத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவோம், ஏனென்றால் பாதி வீடுகளில் தடங்கலே அங்கேதான். படிக்கும் இரண்டு வருடமும் உங்கள் கையில் வருவது பழைய சம்பளமாக இருக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கடன், பிள்ளையின் டியூஷன், ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, 24 மாதத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனை எடுத்துக்கொள்ளாமல் தானாகப் படிக்கச் செல்பவருக்கு இப்போது இன்னொரு பிடிமானம் உண்டு. 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. 2025 முதல், தகுதிபெறும் முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் முந்தைய வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரைக்கும், வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்குப் படியாகக் கிடைக்கும்.

வேலைக்கு வந்த பிறகு அடிப்படைச் சம்பளத்தோடு இரவு ஷிப்டுக்கும் தனிப் படி உண்டு. 2024-ல் பொதுத்துறைத் தாதியருக்காக ஏஞ்சல் என்ற திட்டத்தை அறிவித்தார்கள். 20 வருடச் சேவையில், அல்லது ஓய்வு வயது வரைக்கும், தவணை தவணையாக 1 லட்சம் வெள்ளி வரை கிடைக்கும் என்றார்கள். செய்தியைப் படித்துவிட்டு நிறையப் பேர் எனக்கு அனுப்பினார்கள். அதில் "ஓய்வு வயது வரைக்கும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். ஓய்வு வயது 2026 ஜூலை முதல் 64. 48 வயதில் பதிவு பெறுபவருக்கு அதுவரை 16 வருடம்தான் மிச்சம். முழுத் தொகையையும் மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அதற்குப் பின்னும் மறுவேலைக்கு இடமுண்டு, 69 வயது வரைக்கும். நாற்பத்தைந்தில் தொடங்கினால் இருபது வருடத் தொழில் வாழ்க்கை ஒன்று முழுதாக மிச்சம் இருக்கிறது. பலர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

வகுப்பறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடலியலும் மருந்தியலும் பாடுபட்டால் ஏறும். சிறுபிள்ளைகள் ஒரு தடவை படிப்பதை நாம் மூன்று தடவை படிப்போம், படித்தது நின்றுவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பிள்ளைக்குப் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, வருகிற வருடத்தில் தொடங்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் அழுதுகொண்டிருப்பீர்கள்.

கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை

சரி, இப்போது முதல் வருடம்.

பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதிமை ஆய்வாளர் 1984-ல் ஒரு படிவரிசையை முன்வைத்தார். சதுரங்க ஆட்டக்காரர்களும் விமானிகளும் எப்படித் தேர்ச்சி பெறுகிறார்கள் என்று வேறு இருவர் ஆராய்ந்திருந்ததை எடுத்துத் தாதிமைக்குப் பொருத்திப் பார்த்தார். முற்றிலும் புதியவர், கொஞ்சம் பழகியவர், தகுதியடைந்தவர், தேர்ந்தவர், வல்லுநர் என்று ஐந்து படிகள். உலகமெங்கும் தாதிமைக் கல்லூரிகளில் சொல்லித்தருவது இதுதான். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. இந்தப் படிகள் ஆளோடு ஒட்டியவை அல்ல, சூழலோடு ஒட்டியவை. இருபது வருட அனுபவமுள்ள தாதியைக்கூட அவர் பார்த்தே இராத ஒரு பிரிவில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே அவர் புதியவர்தான்.

அப்படியென்றால் கப்பல் ஆவணங்களில் வல்லுநராக இருந்த நான்? அங்கே ஒரு சரக்குப் பட்டியலைக் கையில் எடுத்ததும் எந்த வரியில் தப்பு இருக்கும் என்று கண் தானாகப் போய் நிற்கும். வார்டில் ஆறு நோயாளிகளின் விவரத்தாளைப் பார்த்தால் ஆறும் ஒன்றுபோலவே தெரிந்தன. எது அவசரம், எது பத்து நிமிடம் பொறுக்கும் என்று தெரியவில்லை. பல வருடமாக அனுபவிக்காத ஒரு திகைப்பு அது. நாற்பதைத் தாண்டியவர்கள் வேலையை விடுவது பெரும்பாலும் இந்தத் திகைப்பில்தான் என்று நினைக்கிறேன். முதுகுவலி என்று வெளியே சொல்வார்கள்.

ஒரு விடிகாலையைச் சொல்கிறேன். மூன்றாவது மாதம், இரவு ஷிப்ட், மணி ஐந்து இருக்கும். பாராமீட்டர் எடுக்கப் போனேன். ரத்த அழுத்தம், நாடி, உடல்வெப்பம், மூச்சு இவற்றைச் சேர்த்து வார்டில் அப்படித்தான் சொல்வோம். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த சீனத் தாத்தா ஹோக்கியனில் ஏதோ முனகினார். அவருடைய பின்கழுத்துச் சட்டை நனைந்திருந்தது. ஏசி குளிரில் எனக்கு நடுங்குகிறது, அவருக்கு வேர்க்கிறது.

அந்த ஈரத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை. யீஷூனில் எங்கள் வீட்டுச் சோபாவில், மத்தியானச் சாப்பாடு தாமதமான ஒரு நாளில், அவர் சட்டையும் இதே மாதிரி நனைந்திருந்தது. இவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் பாஸ் ரிப்போர்ட்டில் சொல்லியிருந்தார்கள். இன்சுலின் போடுகிறவர். நொடியில் புரிந்துவிட்டது. விரல் நுனியில் குத்தி ஹைப்போகவுண்ட், அதாவது ரத்தச் சர்க்கரை அளவு, பார்த்தேன்: 2.9. நான்குக்குக் கீழே போனாலே தாழ்வு.

இதுவரை செய்தது என் கண். அதற்கப்புறம் என் கை செய்ய வேண்டியிருந்தது, கைக்கு ஒன்றும் தெரியவில்லை. குளுக்கோஸ் பாக்கெட்டு எங்கே? மருந்து வண்டியின் மூன்று இழுப்பறைகளையும் திறந்தேன். இல்லை. என் பிரிசெப்டர், எனக்கு வேலை பழக்கித்தர நியமிக்கப்பட்ட மலாய்ப் பெண், வயது 26. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். மருந்து அறைக்குள் போய் அலமாரியின் மேலிருந்து இரண்டாவது தட்டில் கை வைத்தாள், எடுத்தாள். "காக், முழுங்க முடியுதான்னு முதல்ல பாருங்க. 15 கிராம், 15 நிமிஷம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். காக் என்றால் மலாயில் அக்கா. தாத்தா நன்றாக விழுங்கினார். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், 4.6. டாக்டருக்குச் சொன்னோம். மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்தோம். எல்லாவற்றையும் நேரத்தோடு கணினியில் பதிந்தோம். தாத்தா என்னைப் பார்த்து "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று சிரித்தார். இங்கே பழைய தலைமுறைக்கு எந்த மொழியானாலும் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான்.

வயதான புதியவரின் முழு நிலைமையும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. வீட்டில் நோயாளியைப் பார்த்த, பிள்ளை பெற்று வளர்த்த, மாமனாரின் கடைசி நாள்களில் கூட இருந்த கண் நம்மிடம் உண்டு. 22 வயதில் அது எனக்கு இருந்திருக்காது. ஆனால் எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது, எதற்கு அப்புறம் எது என்பதை வாழ்க்கை கற்றுக் கொடுக்காது. அதைக் கை நூறு தடவை செய்தால்தான் வரும். கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்பதால் கைக்கும் தெரியும் என்று நம்பிவிடுவதுதான் நம்முடைய தப்பு எல்லாம் நடக்கும் இடம்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். நோயாளி ஒருவரின் மகளோடு நின்று இருபது நிமிடம் ஆறுதலாகப் பேசிவிட்டு, பக்கத்துக் கட்டிலின் ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரம் தாமதித்தேன். பேசியது நல்ல பேச்சுதான், அந்த மகள் இன்றும் நினைவு வைத்திருப்பாள். ஆனாலும் மருந்து தாமதம் தாமதம்தான். நமக்கு இயல்பாக வருகிற வேலையில் போய் ஒளிந்துகொள்வது சுலபம். மனிதர்களோடு பேசுவது எனக்குச் சுலபம், ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தும் ஐவி பம்பு பயமுறுத்தியது. அதனால் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதைப் பிரிசெப்டர்தான் எனக்கு எடுத்துச் சொன்னாள், தனியாகக் கூப்பிட்டு, மரியாதை குறையாமல்.

அவள் என்னைக் "காக்" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவள் மகள் வயதுக்குக் கொஞ்சம் மேல், ஆனால் வேலையில் எனக்கு மூத்தவள். முதல் மாதத்தில் இந்த இரண்டு வரிசையும் மனதுக்குள் மோதின. நம் வளர்ப்பில் வயதுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம், சின்னவள் திருத்தினால் சுருக்கென்று படும். அதற்கு நான் கண்ட வழி எளிமையானது. முதல் நாளே அவளிடம், "வயசப் பாத்துத் தயங்காத. தப்புன்னா அங்கேயே நிறுத்து" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் அது வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொன்னாள். அம்மா வயதுப் பெண்ணைத் திருத்த அவளுக்கும் பயமாக இருந்ததாம்.

இந்தப் பயத்தை மருத்துவமனைகள் இன்னும் சரியாகக் கவனிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரிசெப்டர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் தன்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்த ஒருவருக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது என்று தனியாக உட்கார்ந்து பேசுவதில்லை. தொழில் மாறி வருபவர்களை அழைக்க இவ்வளவு செலவு செய்கிறவர்கள் இதையும் செய்யலாம். முதல் சில வாரம் இந்தப் புதியவரிடம் கொடுக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் படிப்படியாக ஏற்றலாம். ஆள் பெரியவராகத் தெரிகிறார் என்பதற்காக இரண்டாவது வாரத்திலேயே முழுச் சுமையையும் தூக்கி வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது நோயாளிக்குத்தான் ஆபத்து.

உடம்பு

தாங்கும். ஆனால் வணங்கித்தான் தாங்கும், வீம்புக்குத் தாங்காது. கட்டிலின் உயரத்தை உங்கள் இடுப்பளவுக்கு ஏற்றாமல் ஒருவரைப் புரட்டாதீர்கள். அதற்கான பட்டன் அங்கேயே இருக்கிறது, பத்து நொடி வேலை. வழுக்கு விரிப்பும் தூக்கும் கருவியும் இருக்கும்போது கையால் தூக்குவதில் பெருமை ஒன்றுமில்லை. நான் பார்த்த வரையில் முதுகைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இளையவர்கள்தான். பொறுமை இல்லாமல் தனியாக இழுப்பார்கள்.

கண்ணைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு, மங்கிய வெளிச்சத்தில், மருந்துக் குப்பியின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து சரிகளை மாணவியாக மனப்பாடம் செய்தோம். ஐந்துக்கும் முன்னால் சரியான கண்ணாடி வேண்டும். சீருடைப் பையில் எப்போதும் ஒன்று, லாக்கரில் இன்னொன்று.

இரவு ஷிப்ட்தான் உண்மையாகவே வாட்டும். இளையவர்கள் காலை பத்து மணிக்கு விழுந்து மாலை ஐந்துக்கு எழுவார்கள். எனக்கு மதியம் ஒன்றுக்கே விழிப்பு வந்துவிடும். அப்புறம் வீட்டில் குக்கர் விசில், கீழ்த்தளத்தில் யாரோ துளை போடும் சத்தம். இருட்டுத் திரை, காதடைப்பான், வாசலில் ஒரு சீட்டு எல்லாம் கொஞ்சம் உதவும். அதைவிட உதவுவது, நீங்கள் தூங்குவதும் வேலையில் சேர்ந்ததுதான் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வது. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும். தீபாவளியன்று காலை ஷிப்ட் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சீனத் தோழியோடு மாற்றிக்கொள்ளலாம், சீனப் புத்தாண்டுக்கு நாம் நிற்க வேண்டும். எங்கள் வார்டில் இது வருடா வருடம் சண்டை இல்லாமல் நடக்கிறது.

நம் மொழி அங்கே என்ன செய்கிறது

வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் எண்ணாகச் சொல்லச் சொல்வோம். தமிழ் முதியவர் யாரும் எண் சொல்வதில்லை. "சுருக்கு சுருக்குன்னு குத்துது", "பிசையுது", "கடுக்குது", "எரியுது", "இழுத்துப் பிடிக்குது" என்பார்கள். நெஞ்சில் பிசைவதும் நெஞ்சில் எரிவதும் ஒரே வலி இல்லை. இந்தச் சொல்லை அப்படியே புரிந்துகொள்கிற ஒருவர் கட்டிலருகே இருப்பதால் டாக்டரின் அடுத்த கேள்வியே மாறும். மொழி எல்லா வயதுத் தமிழருக்கும் இருக்கலாம், ஆனால் கடுப்புக்கும் உளைச்சலுக்கும் வித்தியாசம் தெரிவது பாட்டி தாத்தாவோடு பேசி வளர்ந்தவர்களுக்குத்தான்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுமானத் தளத்தில் அடிபட்டு வருவார்கள். வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டால் "நோ பெயின், நோ பெயின்" என்பார்கள். ஒரு தம்பி அப்படித்தான் சொன்னான், முகம் வேர்த்து வழிந்தது. கிட்டே போய், "வலிக்குதுன்னு சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயப்படுறியாப்பா?" என்று கேட்டேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. "ஆமாக்கா" என்றான். அவன் தேடியது ஓர் அக்காவை. 22 வயதில் நான் அவனுக்குத் தங்கச்சியாகத்தான் தெரிந்திருப்பேன், தங்கச்சியிடம் அவன் அழுதிருக்க மாட்டான்.

இதை எழுதும்போதே ஒரு எச்சரிக்கை. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும்போது நான் மொழிபெயர்ப்பேன், விளக்குவது டாக்டர். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அந்த நம்பிக்கையும் என் நரையைப் பார்த்து வருவதுதான்.

அப்புறம் எங்கே?

நேராக முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்துக்கோ, பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்துக்கோ போய்விடலாமா, அங்கே இரவு ஷிப்ட் குறைவாமே என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்து, முடிந்தால் முதல் இரண்டு வருடம் பொது மருத்துவமனையின் மருத்துவ வார்டில் இருங்கள். நிலைமை மோசமாகும் முன் நோயாளி எப்படித் தெரிவார் என்பதை அங்கே பார்ப்பதுபோல் வேறெங்கும் பார்க்க முடியாது. அதற்கப்புறம் நம் வயதுக்கு ஏற்ற இடங்கள் நிறைய இருக்கின்றன. சமூக மருத்துவமனை, டயாலிசிஸ் நிலையம், இறுதிக்காலப் பராமரிப்பு, பலதுறை மருந்தகம் எதுவும் பின்வாங்கல் இல்லை. வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தாதிமைக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு; இல்லத் தாதிமை அறநிறுவனம் 1976-லிருந்து வீடு வீடாகப் போகிறது. மாவட்டம் மாவட்டமாக மூத்தோரைத் தேடிப்போகும் சமூகத் தாதியரை மருத்துவமனைகள் இப்போது பெருக்கிக்கொண்டிருக்கின்றன. யாரோ ஒருவரின் அடுப்படியில் நின்று, மருந்துப் பெட்டியைத் திறந்து, செவ்வாய்க்கிழமை மாத்திரை ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்த வேலையில் நரை நிஜமாகவே உதவுகிறது.

வருகிற திங்கட்கிழமை எங்கள் வார்டுக்கு ஒருவர் புதிதாக வருகிறார். வயது 45, படிக்கப் போகும் முன் பேருந்து ஓட்டியவர். பிரிசெப்டர் நான். வேலை அட்டவணையில் முதல் நான்கு வாரம் அவருக்கு இரவு இல்லாமல் பார்த்துக்கொண்டேன். முதல் நாள் காலை, அறிமுகமெல்லாம் முடிந்ததும், மருந்து அறைக்குக் கூட்டிப்போய் மேலிருந்து இரண்டாவது தட்டைக் காட்டப்போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வரும்வரை எடுத்து எடுத்து வைக்கச் சொல்வேன்.